ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு டெலிஃபோட்டோ ஜூம்: அளந்து பார்த்து வாங்குவது எப்படி

“எவ்வளவு தூரம் இழுக்கும்?” டெலிஃபோட்டோ ஜூம் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கடைக்காரர் 400 என்பார், 600 என்பார். அந்த எண் உங்களுக்குப் போதுமா, மிகையா என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் எடுக்கப்போகும் பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு தள்ளி இருக்கும் என்கிற இரண்டு அளவுகளும் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. 36-ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (கடைக்காரர் சொன்ன 400, 600 போன்ற மி.மீ. எண்) வகுத்து, பொருள் இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது வந்துவிடும்.

பத்து மீட்டர் தள்ளி வேலியில் ஒரு சிட்டுக்குருவி உட்கார்ந்திருக்கிறது. அலகு முதல் வால் வரை ஏறக்குறைய 15 செ.மீ. 200 மி.மீ. லென்ஸில் ஃபிரேமின் அகலம் 1.8 மீட்டர், குருவி அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 400-இல் ஃபிரேம் 90 செ.மீ., குருவி ஆறில் ஒரு பங்கு. 600-இல் ஃபிரேம் 60 செ.மீ., குருவி கால் பங்கு. இதையே பிக்சலில் சொன்னால் இன்னும் தெளிவாக உறைக்கும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம். அதில் 200 மி.மீ.யில் எடுத்த குருவிக்குக் கிடைப்பது 500 பிக்சல், 400-இல் 1000, 600-இல் 1500. ஐந்நூறு பிக்சல் குருவியில் இறகுக் கோடுகளைத் தேடக்கூடாது.

கணக்கைத் திருப்பியும் போடலாம். கால்பந்து மைதானத்தின் அகலம் 68 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பக்கக் கோட்டிலிருந்து நடுப்பகுதி 34 மீட்டர். 1.8 மீட்டர் உயரமுள்ள ஆட்டக்காரர் கிடைமட்டப் படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைக்க வேண்டும் என்றால் ஃபிரேமின் உயரம் 2.7 மீட்டராக இருக்க வேண்டும். 24-ஐ 34-ஆல் பெருக்கி 2.7-ஆல் வகுத்தால் 302. ஆக 300 மி.மீ. வேண்டும். நல்ல 70-200 (70 முதல் 200 மி.மீ. வரை ஜூம் ஆகும் லென்ஸ்) வைத்திருப்பவர்களும் கால்பந்துக்குப் போய் “எட்டவில்லை” என்று சொல்வது இதனால்தான். அதே 70-200, மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கச்சிதமாகப் பொருந்தும்: கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 200-இல் 2.7 மீட்டர் உயரம் அடங்கும், நடனமாடுபவரின் தலைக்கு மேல் உயர்த்திய கையும் உள்ளே வரும். 70-க்கு வந்தால், கிடைமட்டமாகப் பிடித்தாலே 7.7 மீட்டர் அகல மேடை வந்துவிடும்.

நிலா எடுக்கவே பெரிய லென்ஸ் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிலாவின் பிம்பம் சென்சாரில் விழும் அளவு, ஃபோகல் லெங்த்தை 110-ஆல் வகுத்தால் வரும். 600 மி.மீ.யிலும் அது ஐந்தரை மி.மீ.தான், 24 மி.மீ. உயரத்தில் கால்வாசி கூட இல்லை. நிலாவுக்காக மட்டும் லென்ஸ் வாங்குவது வீண் செலவு.

ஏற்கெனவே ஒரு ஜூம் வைத்திருந்தால் பழைய படங்களைப் புரட்டுங்கள். கடைசி 200 படங்களில் எத்தனை லென்ஸின் நீள முனையில் எடுத்தவை, அவற்றை எவ்வளவு வெட்டினீர்கள்? அகலத்தைப் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது கால்வாசிப் பிக்சல்: 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும், 45 மெகாபிக்சல் 11 ஆகும். எப்போதாவது அப்படி வெட்டினால் பரவாயில்லை. வழக்கமாகவே வெட்டுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது இரு மடங்கு நீளம். மாறாக, பாதிப் படங்கள் 70-க்கும் 135-க்கும் இடையில் இருந்தால் 100-இலிருந்து தொடங்கும் லென்ஸை வாங்கிவிட்டு, ஆட்கள் பக்கத்தில் வரும்போதெல்லாம் பின்னால் நகர்ந்துகொண்டிருப்பீர்கள்.

ஒன்றைக் கணக்கு காட்டாது. வெயில் ஏறிய தரையில், வாகனங்களின் கூரையில், நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளியும். அதன் ஊடாக 100, 150 மீட்டர் தள்ளி இருப்பதை எடுத்தால் எந்த லென்ஸிலும் படம் குழம்பித்தான் வரும். நீளம் கூடக் கூட அந்த நெளிவும் பெரிதாகும். “என் 600-இல் படம் கூர்மையாக இல்லை” என்கிற புகார்களில் கணிசமானவை லென்ஸின் தவறே அல்ல. கிட்டப் போக முடியாத இடத்தில் 800 மி.மீ. வாங்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது எண்ணைப் படியுங்கள்

லென்ஸின் பெயரில் வரும் எஃப் எண், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. 4.5-5.6 என்று எழுதியிருந்தால் உங்களுக்கான எண் 5.6. டெலிஃபோட்டோவை வாங்குகிறவர் அதன் நீள முனைக்காகத்தான் வாங்குகிறார். அந்த முனையில் அப்பர்ச்சர் எவ்வளவு திறக்கும் என்பதே கணக்கு. கேனன் ஆர்எஃப் 100-500-இல் அது 7.1, ஆர்எஃப் 200-800-இல் 9. சோனி 200-600-இலும் நிக்கான் இசட் 180-600-இலும் 6.3.

இந்த எண்களின் விலையை ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளியுணர்வு எண்; அது கூடினால் படத்தில் நாய்ஸ் என்னும் புள்ளிகளும் கூடும்) பாருங்கள். மங்கலான உள்ளரங்கில் எஃப் 2.8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று ஓர் இடம். அதே ஷட்டருக்கு எஃப் 4-இல் 6400 வேண்டும், எஃப் 5.6-இல் 12800, எஃப் 6.3-இல் ஏறக்குறைய 16000. இப்போதைய சென்சார்களில் 6400 பயமில்லாத எண். நாய்ஸ் குறைக்கும் மென்பொருள்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. அதனால் எஃப் 2.8-க்கும் எஃப் 4-க்கும் இடையில் ஊசலாடுகிறவர்களுக்கு, ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) வெளிச்சம் மட்டுமே காரணம் என்றால் எஃப் 4 போதும் என்றே சொல்வோம். உள்ளரங்க விளையாட்டு, மேடை, இரவு நேர விழா இவை வாரந்தோறும் வரும் வேலை என்றால் பேச்சே இல்லை, 2.8தான்.

ஷட்டர் வேகத்தை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டால் இந்தக் கணக்கு சுலபம். நிற்கும் மனிதருக்கு 1/250, நடனத்துக்கு 1/500, ஓடும் ஆட்டக்காரருக்கு 1/1000, பறக்கும் பெரிய பறவைக்கு 1/2000, விருட்டென்று திரும்பும் சின்னப் பறவைக்கு 1/3200. நீங்கள் படம் எடுக்கும் நேரத்தில், எடுக்கும் இடத்தில், இப்போது கையிலிருக்கும் லென்ஸையே எஃப் 6.3-இல் வைத்து, வேண்டிய ஷட்டரைப் போட்டு, கேமரா என்ன ஐஎஸ்ஓ கேட்கிறது என்று பாருங்கள். பார்க்கச் சகிக்காத எண் வந்தால் 600 மி.மீ. ஜூம் உங்கள் நேரத்துக்கு ஏற்றதல்ல. கடையில் நின்று யோசித்தால் இது புலப்படாது.

பின்னணி மங்குவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: 2.8 என்றால் மங்கும், 6.3 என்றால் மங்காது என்று. பொருளை ஒரே அளவில் ஃபிரேமுக்குள் வைத்துக்கொண்டால், தொலைதூரப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை எஃப் எண் தனியாகத் தீர்மானிப்பதில்லை. ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் வரும் திறப்பின் விட்டம்தான் தீர்மானிக்கிறது. 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71 மி.மீ. 400-ஐ 5.6-ஆல் வகுத்தாலும் 71. ஆக 70-200 எஃப் 2.8-இல் கிட்ட நின்று எடுத்ததும், 100-400-இல் இரு மடங்கு தள்ளி நின்று எடுத்ததும் தொலைவான பின்னணியை ஏறத்தாழ ஒரே அளவில் கரைக்கும். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. 200-ஐ 4-ஆல் வகுத்தால் 50தான். எஃப் 4 வாங்குகிறவர் உண்மையில் விட்டுக்கொடுப்பது இதைத்தான்.

இந்த விட்டம்தான் லென்ஸின் முன்கண்ணாடியாக உங்கள் கையில் கனக்கிறது. 71 மி.மீ. திறப்புள்ள லென்ஸ்களுக்குப் பெரும்பாலும் 77 மி.மீ. ஃபில்டர், 95 திறப்புள்ள சோனி 200-600, நிக்கான் 180-600, சிக்மா 150-600 மூன்றுக்கும் 95 மி.மீ. ஃபில்டர். பெட்டியைத் திறக்காமலே, ஃபில்டர் அளவைப் படித்து லென்ஸின் குணத்தை ஊகித்துவிடலாம்.

எஃப் 6.3 என்றால் முன்னும் பின்னும் எல்லாமே கூர்மையாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பத்து மீட்டரில் 200 மி.மீ., எஃப் 2.8-இல் கூர்மையாக நிற்கும் ஆழம் சுமார் 42 செ.மீ. அதே தூரத்தில் 600 மி.மீ., எஃப் 6.3-இல் சுமார் 10 செ.மீ.தான். நேராக உங்களைப் பார்க்கும் பறவையின் கண் கூர்மையாக இருக்கும்போதே வால் மங்கத் தொடங்கிவிடும்.

தூக்கிச் சுமக்கப்போவது நீங்கள்தான்

70-200 எஃப் 2.8 என்றாலே ஒன்றரைக் கிலோ என்ற காலம் போய்விட்டது. சோனியின் முதல் ஜிஎம் (அதன் உயர்தர வரிசை) 1480 கிராம். 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பு 1045 கிராம். கேனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 (நீளும் வகை) 1070 கிராம். நிக்கான் இசட் 70-200 எஃப் 2.8 காலருடன் (ட்ரைபாடில் பொருத்தும் வளையம்) 1440. டாம்ரான் 70-180 எஃப் 2.8 ஜி2 வெறும் 855 கிராம். கடைசி 20 மி.மீ.யை விட்டுக்கொடுத்து வாங்கும் லேசு அது, நல்ல பேரம் என்பதே எங்கள் கருத்து. எஃப் 4 வகையில் கேனன் ஆர்எஃப் 695 கிராம், சோனியின் இரண்டாம் பதிப்பு 794 கிராம்.

100-400 வகையில் சோனி ஜிஎம் 1395, நிக்கான் இசட் 1435, சிக்மா 100-400 ஏறத்தாழ 1140 கிராம். கேனன் ஆர்எஃப் 100-400 எஃப் 5.6-8 இந்தக் கூட்டத்தில் தனி ரகம்: 635 கிராம். நீள முனையில் எஃப் 8 என்பதால் நல்ல பகல் வெளிச்சத்துக்கான லென்ஸ் அது. அதை மறக்காமல் வாங்கினால், பையில் இருப்பதே தெரியாது. டாம்ரான் 50-400 எஃப் 4.5-6.3 (1155 கிராம்) ஒரே லென்ஸோடு பயணம் போகிறவர்களுக்கு. 50-இல் தொடங்குவது காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும்; நடைமுறையில் பாதி லென்ஸ் மாற்றங்களை மிச்சப்படுத்தும்.

அடுத்த படிதான் செங்குத்தானது. நிக்கான் 180-600 காலரோடு 2140, சோனி 200-600 காலர் இல்லாமலே 2115, சிக்மா 150-600 டிஜி டிஎன் 2100, கேனன் 200-800 சுமார் 2050 கிராம். கேமரா உடலின் 700 கிராமையும் சேருங்கள். வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை: இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரு கையாலும் கண் உயரத்தில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். மூன்றாவது நிமிடத்தில் முழங்கை இறங்கினால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) செலவையும் சேர்த்துப் பட்ஜெட் போட வேண்டும், அல்லது 100-400-க்கு இறங்க வேண்டும். அலமாரியில் தூங்கும் 600-ஐ விடக் கையோடு வரும் 400 நிறையப் படம் கொடுக்கும்.

எடையைப் போலவே எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளும் வகை ஒன்று, எல்லாம் உள்ளுக்குள்ளேயே நகரும் வகை ஒன்று. கேனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8-இன் முதல் வகை சுருங்கினால் 14.6 செ.மீ.; சிறிய தோள்பையில் நிமிர்ந்து நிற்கும். சோனி ஜிஎம் 2 எப்போதும் 20 செ.மீ. ஆனால் நீளும் குழல் வெளியே போகும்போது எடை முன்னால் சாயும், ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றை இழுக்கும். தூசி, தூறலில் வேலை செய்கிறவர்களுக்கு அது சங்கடம். கிம்பல் ஹெட்டில் (கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் ட்ரைபாட் தலை) வைத்தால் 100-இல் சமநிலைப்படுத்தியது 400-இல் மூக்கைக் கவிழ்க்கும். பறவை, விளையாட்டுக்கு உள்ஜூம் வகை வசதி. பயணத்துக்கு நீளும் வகை. சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் உள்ஜூம், இரண்டும் 32 செ.மீ.யை ஒட்டிய நீளம். பையை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

ஜூம் வளையம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நிக்கான் 180-600-இல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 70 டிகிரிதான். மணிக்கட்டை ஒருமுறை திருப்பினால் முடிந்தது. சில லென்ஸ்களில் கையை விட்டுப் பிடித்து இரண்டாவது முறை திருப்ப வேண்டியிருக்கும். பறவை பறந்து போக அந்த இடைவெளி போதும்.

ஆட்டத்தைக் குறைப்பது எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) பற்றி விளம்பரத்தில் ஐந்து ஸ்டாப், ஏழு ஸ்டாப் என்பது உங்கள் கையின் நடுக்கத்துக்கு மட்டும்தான். 600 மி.மீ.யில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/60-இல் கூட மரக்கிளையைக் கூர்மையாக எடுத்துவிடலாம். அதே கிளையில் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் பறவை மங்கித்தான் வரும். அதற்கு 1/500 வேண்டும், அந்த வேகத்தில் ஸ்டெபிலைசேஷனின் பங்கு பெரும்பாலும் வ்யூஃபைண்டரில் காட்சி ஆடாமல் நிற்க உதவுவதுதான். அதுவும் சின்ன உதவியல்ல: பிம்பம் குதித்துக்கொண்டிருந்தால் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் நிறுத்த முடியாது.

கேமராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, லென்ஸில் எதற்கு என்று கேட்பார்கள். கேமரா அரை டிகிரி ஆடினால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் சென்சாரின் மேல் 0.4 மி.மீ. நகரும். 600-இல் 5 மி.மீ.க்கு மேல் நகரும். சென்சாரை அவ்வளவு தூரம் தள்ள இடமில்லை. 200 வரை உடலில் உள்ளதை நம்பி ஓட்டலாம். 300-ஐத் தாண்டினால் லென்ஸில் இருந்தே ஆக வேண்டும். பழைய லென்ஸ்களைப் பார்க்கும்போது பதிப்பைக் கவனியுங்கள்: 2020-இல் வந்த முதல் டாம்ரான் 70-180-இல் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, ஜி2-இல் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான்.

லென்ஸில் மோட் ஸ்விட்ச் இருந்தால் 1 பொதுவாக எல்லாத் திசைக்கும், 2 பக்கவாட்டில் நகரும் பொருளைத் தொடரும்போது. மோட் 1-இல் வைத்துக்கொண்டு ஓடும் சைக்கிளைத் தொடர்ந்தால், லென்ஸ் உங்கள் அசைவையே நடுக்கம் என்று எண்ணி எதிர்த்துத் தள்ளும். உறுதியான ட்ரைபாடில் பழைய லென்ஸ்களின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே ஆடும்.

மவுன்ட் தீர்மானிப்பவை

லென்ஸ் கேமராவில் பூட்டும் வாய்தான் மவுன்ட். ஃபுல் ஃபிரேம் கேனன் ஆர்எஃப் உடலுக்கு ஆட்டோஃபோகஸ் டெலி ஜூம் என்றால் தேர்வு பெரும்பாலும் கேனனின் சொந்த வரிசைக்குள்தான். சிக்மாவும் டாம்ரானும் ஆர்எஃப்புக்கு முதலில் கொண்டுவந்தவை சிறிய சென்சாருக்கானவை. ஆனால் கேனனின் முந்தைய மவுன்ட்டான இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் தங்குதடையின்றி வேலை செய்கின்றன. பழைய இஎஃப் 70-200, 100-400 வகையறாக்கள் பழைய சந்தையில் நிறைய கிடைப்பதால் இது நல்ல வழி.

நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் லென்ஸைப் புதிய இசட் உடலில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் எஃப்டிஇசட் அடாப்டரில், பழைய லென்ஸின் ஃபோகஸைத் திருப்பும் திருகு மோட்டார் இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய 80-200 எஃப் 2.8 டி போன்றவை ஆட்டோஃபோகஸ் செய்யாது. கையால் திருப்ப வேண்டியதுதான்.

சோனி இ மவுன்ட்டில் சிக்மா, டாம்ரான் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு கட்டுப்பாடுகள்: மற்ற நிறுவன லென்ஸ்களில் தொடர் படமெடுப்பு நொடிக்கு 15-ஐத் தாண்டாது, டெலிகன்வர்ட்டரும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி நீளத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) பொருந்தாது. நொடிக்கு 10 படம் எடுக்கும் உடல் வைத்திருப்பவருக்கு முதல் கட்டுப்பாடு ஒரு பொருட்டே இல்லை. 30 எடுக்கும் உடலுக்குப் பெரும் பணம் கொடுத்தவருக்கு உறுத்தும்.

டெலிகன்வர்ட்டரின் கணக்கு எளிது: 1.4 மடங்கு ஒரு ஸ்டாப்பை விழுங்கும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பை. 100-400 எஃப் 5.6-இல் 1.4 போட்டால் 560 மி.மீ., எஃப் 8. 70-200 எஃப் 2.8-இல் 2 போட்டால் 400 மி.மீ., எஃப் 5.6. பின்னது கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் கூர்மையும் ஃபோகஸ் வேகமும் சற்று இறங்கும். எப்போதாவது என்றால் சரி. மூன்றில் ஒரு பங்குப் படத்துக்கு அதை மாட்டப்போகிறீர்கள் என்றால் 100-400 வாங்குவதே மேல். பொருந்துமா என்பதையும் பாருங்கள். கேனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8-இன் முதல் வகையில் கன்வர்ட்டர் ஏறாது. பின்னால் வந்த, பெயரின் இறுதியில் இசட் என்று வரும் கேனனின் உள்ஜூம் வகையில் ஏறும். ஆர்எஃப் 100-500-இல் ஏறும், ஆனால் ஜூமை 300-க்கு மேல் வைத்துத்தான் மாட்ட முடியும். மாட்டிய பிறகு 300-க்குக் கீழே சுருங்காது, பையிலும் நீண்டபடியேதான் கிடக்கும்.

பட்டாம்பூச்சி, தும்பி எடுக்கிறவர்கள் அதிகபட்ச உருப்பெருக்கம் என்ற வரியைப் படியுங்கள். சோனி 70-200 எஃப் 4-இன் இரண்டாம் பதிப்பு 0.5 மடங்கு: 7.2 செ.மீ. அகலப் பொருள் ஃபிரேமை நிரப்பும். கேனன் ஆர்எஃப் 100-400 0.41, நிக்கான் இசட் 100-400 0.38. சோனி 200-600 0.2தான், 18 செ.மீ.க்குக் குறைந்தது எதுவும் ஃபிரேமை நிரப்பாது.

ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுவார்கள். கம்பி வேலி, செடிகொடிக்கு அப்பால் இருப்பதை எடுக்கும்போது, லென்ஸ் அருகே எதையாவது பிடித்துக்கொண்டு மறு கோடி வரை ஓடித் திரும்புவதற்குள் காட்சி முடிந்துவிடும். கிட்டத் தூரத்தை வெட்டிவிடும் அந்த ஸ்விட்ச் இதைத் தடுக்கும்.

லென்ஸை ட்ரைபாடில் பொருத்தும் காலின் அடிப்பகுதியையும் பாருங்கள். சிக்மா, டாம்ரானின் பெரிய ஜூம்களில் ஆர்கா-ஸ்விஸ் பள்ளம் (ட்ரைபாட் தலையில் நேரடியாகப் பூட்ட உதவுவது) காலிலேயே செதுக்கியிருக்கும். கேனன், நிக்கான், சோனியில் பெரும்பாலும் தனித் தட்டு திருக வேண்டும். ஒற்றைத் திருகில் நிற்கும் தட்டு, கனமான லென்ஸில் மெல்ல மெல்லச் சுழன்று தளரும். சுழலாமல் தடுக்கும் ஓரம் வைத்த தட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

முன்கண்ணாடியைக் காக்க விலை மலிந்த ஃபில்டர் போடுவது டெலியில் எடுபடாது. கண்ணாடி துளி சமமில்லாவிட்டாலும் நீண்ட ஃபோகல் லெங்த் அதைப் பெரிதாக்கிக் காட்டும். லென்ஸின் முனையில் மாட்டும் ஹுட் ஒன்றே நல்ல காவல். படம் கூர்மையில்லாமல் வந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுங்கள்.

வாங்கிய வாரத்திலேயே

திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். ஜூம் லென்ஸில் அடிக்கடி வரும் குறை, உள்ளே ஒரு கண்ணாடி மையத்திலிருந்து விலகியிருப்பது. செங்கல் சுவரை எடுத்துப் பார்ப்பது பழைய வழி. கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும். இன்னும் நம்பகமானது இது: பொடி எழுத்துகள் அச்சிட்ட ஒரு தாளை விறைப்பான அட்டையில் ஒட்டி, 200 மி.மீ.க்குப் பத்து மீட்டர், 400-க்கு இருபது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ட்ரைபாட், ஸ்டெபிலைசேஷன் அணைத்து, இரண்டு நொடி டைமர், அப்பர்ச்சர் முழுத் திறப்பு. தாளை முதலில் நடுவில் வைத்து எடுங்கள். பிறகு கேமராவைத் திருப்பித் தாள் மேல் இடது மூலைக்கு வரும்படி செய்து, அங்கேயே மறுபடி ஃபோகஸ் பிடித்து எடுங்கள். இப்படி நான்கு மூலைக்கும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஃபோகஸ். ஒரு படம் தவறினால் அது லென்ஸின் குற்றமா, ஃபோகஸின் குற்றமா என்று தெரிய வேண்டும் அல்லவா?

நான்கு மூலையும் ஒரே மாதிரி சற்று மங்கலாக இருந்தால் அது வடிவமைப்பு. இரண்டு ஸ்டாப் குறைத்தால் தெளியும். மூன்று மூலை சரி, ஒன்று மட்டும் எழுத்தே படிக்க முடியவில்லை என்றால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுங்கள். குட்டை முனை, நடு, நீள முனை மூன்றிலும் இதைச் செய்ய வேண்டும். ஒரு முனையில் நேராக இருப்பது மறு முனையில் கோணலாக இருப்பது ஜூமில் சகஜம். காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் காற்றின் நெளிவைச் சோதித்ததாகிவிடும்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா? கையில் எடுத்ததும் குலுக்குவீர்கள், உள்ளே கடகடவென்று கேட்கும், உடனே விலையில் பாதியைக் குறைக்கத் தோன்றும். பதற வேண்டாம். ஸ்டெபிலைசேஷன் கண்ணாடியும், லீனியர் மோட்டாரில் ஓடும் ஃபோகஸ் கண்ணாடிகளும் மின்சாரம் இல்லாதபோது பல லென்ஸ்களில் அப்படித்தான் தளர்ந்து கிடக்கும். கேமராவில் மாட்டி ஆன் செய்த பிறகும் சத்தம் நிற்காவிட்டால்தான் கோளாறு. ஷட்டரைப் பாதி அழுத்திக் காதை வையுங்கள்: மெல்லிய ரீங்காரம் சரி, கரகரப்போ காட்சி திடீரென்று குதிப்பதோ சரியல்ல.

பின்பக்கம் வழியாக டார்ச் அடித்து, முன்னால் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி எந்த ஜூமிலும் இருக்கும், படத்தில் தெரியாது. மெல்லிய நூல் கிளைத்ததுபோல் தெரிந்தால் அது பூஞ்சை; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நீளும் குழலை முழுக்க நீட்டிப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். சிறிது ஆட்டம் இயல்பு. தள்ளும்போது வ்யூஃபைண்டரில் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஜூம் வளையம் ஓரிடத்தில் மட்டும் கனத்தால் மணல் புகுந்திருக்கலாம், அல்லது ஒருமுறை கீழே விழுந்திருக்கலாம். உங்கள் ஃபில்டர் ஒன்றைக் கொண்டுபோய் முன்வளையத்தில் திருகிப் பாருங்கள். பாதியில் சிக்கினால் வளையம் நசுங்கியிருக்கிறது, அப்போது மூலைச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்கக்கூடாது. கடைசியாக, மவுன்ட்டின் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எங்கே, எதற்காகத் திறந்தது என்று ரசீதோடு சொல்பவரிடம் தயங்காமல் வாங்கலாம்.